ட்ரெம்லெட் குனிந்து எடுத்த பந்து

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாராவது கேட்டு நான் விழிப்பதைவிட இது மேல்.

காந்திபுரத்தில் அன்னூர் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். மழை பிடித்துக்கொண்டது. பழைய புத்தகக் கடை ஒன்றின் தார்ப்பாய்க்கு அடியில் ஒதுங்கினேன். ஒதுங்கியவன் சும்மா நின்றால் கடைக்காரர் என்ன நினைப்பார்? அந்தக் கூச்சத்தில் கைக்குக் கிடைத்த புத்தகத்தைப் பிரித்தேன். அட்டை கிழிந்த, ஆங்கில விளையாட்டு ஆண்டு மலர். பிரித்த பக்கத்தில் ஓர் ஆளின் வாழ்க்கை இருந்தது. முழு வாழ்க்கையும் ஒரு தீப்பெட்டியின் அளவுதான்:

எட்வின் ட்ரெம்லெட். தொழில்முறை கோல்ப் ஆட்டக்காரர். பிறப்பு 1884, டெவன். மட்டை செய்யும் பட்டறையில் பயிற்சி. 1909, பெரிய போட்டியில் ஆறாம் இடம். 1911, தகுதி நீக்கம். பிறகு இந்தியா.

அவ்வளவுதான். அன்னூர் பஸ் வந்தது, போனது. நான் ஏறவில்லை.

(அந்த மலரைத் தேடி அலையாதீர்கள். ஆளின் பெயரை மாற்றிவிட்டேன். ஆண்டுகளையும் கொஞ்சம் நகர்த்தியிருக்கிறேன். கதை என்று சொல்லித்தான் தருகிறேன்.)

ஆறாம் இடம் பிடித்தவன் இரண்டு வருடத்தில் எப்படித் தகுதி இழந்தான்? ‘பிறகு இந்தியா’ என்றால் இந்தியாவில் எங்கே? நான் ஒரு நூல் மில்லில் கடிதப் பிரிவில் வேலை செய்கிறவன். வந்த கடிதத்தில் இரண்டு கேள்விகள் இருந்தால் இரண்டுக்கும் எண் போட்டுப் பதில் எழுதாமல் எனக்குச் சோறு இறங்காது. அன்னூர்ப் பள்ளிக்கூடத்துத் தமிழய்யா ஏற்றிவிட்ட பழக்கம். இந்தக் கதைக்கும் அதனால்தான் எண் போட்டிருக்கிறேன்.

2

தொடக்கங்கள்.

அ) “டெவன் கடற்கரையில் மூடுபனி மெல்ல—”

(விட்டுவிட்டேன். நான் பார்த்த ஒரே கடல் ராமேஸ்வரம். மூடுபனி வேண்டுமென்றால் மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறினால் கிடைக்கும். இரண்டையும் ஒட்டவைத்தால் டெவன் ஆகிவிடாது.)

ஆ) “எட்வினின் தகப்பனார் ஒரு—”

(ஒரு என்ன? கொத்தனார்? மீன்காரர்? தெரியாது. தெரியாத தகப்பனாருக்கு வேலை போட்டுக்கொடுக்க நான் யார்?)

இ) “அந்த ஊர் கிளப்புக்கு இரண்டு வாசல்கள் இருந்தன.”

இது நின்றது. நூலகத்தில் உட்கார்ந்து படித்ததில் எனக்கு உறைத்த ஒரே விஷயம் இதுதான். அந்தக் காலத்து இங்கிலாந்தில் கோல்பைக் காசு வாங்காமல் ஆடுகிறவர்கள் கனவான்கள். காசு வாங்கி ஆடுகிறவன் வேலைக்காரன். கிளப்பில் மட்டை செய்வது, உடைந்ததை ஒட்டுவது, கனவான்களுக்கு ஆட்டம் கற்றுக்கொடுப்பது, புல் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது எல்லாம் அவன் வேலை. ஊரிலேயே நன்றாக ஆடுகிறவன் அவனாகத்தான் இருப்பான். ஆனால் கிளப்புக்குள் உட்கார்ந்து தேநீர் குடிக்க முடியாது. போட்டிக்குப் போனாலும் பின்கட்டுக் கொட்டகையில்தான் செருப்பு மாற்ற வேண்டும்.

ஆக, எட்வின் ட்ரெம்லெட் பின்வாசல் வழியாக என் கதைக்குள் வந்தார். வந்தவர் அங்கேயே நின்றுகொண்டார். ஏனென்றால் அவர் எப்படி நடப்பார், மட்டையை எப்படிப் பிடிப்பார் என்று எனக்குத் தெரியவில்லை. உடம்பு இல்லாத ஆளை எவ்வளவு தூரம் நடத்திக்கொண்டு போவது?

3

உடம்பு தேடி, கோவைக்கு வெளியே சோளக்காடுகள் முடிகிற இடத்தில் இருக்கும் ஒரு கோல்ப் மைதானத்துக்குப் போனேன். காவல்காரர் என்னை ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்துச் சின்ன கேட்டுக்கு அனுப்பினார். அங்கே ஒருவன் கேட்டைத் தோளால் தள்ளித் திறந்துகொண்டு வெளியே வந்தான். முப்பது வயது இருக்கும். கழுத்துப் பட்டைக்கு மேல் கறுத்து, கீழே மாநிறமாக இருந்தான். பெயர் சஹீர். உறுப்பினர்களுக்கு ஆட்டம் கற்றுக்கொடுக்கும் கோச்.

“உள்ள வாங்க சார். லவுஞ்ச்சுக்குக் கூட்டிட்டுப் போக முடியாதுங்க. அது மெம்பருங்களுக்கு. டீ வேணும்னா இங்கயே வரும்.”

நான் எழுதி வைத்திருந்த ‘இரண்டு வாசல்கள்’ எனக்கு எதிரிலேயே நின்றது. அதைக் கண்டுகொள்ளாதது போல டீயை வாங்கிக் குடித்தேன்.

மட்டையை எப்படிப் பிடிப்பது என்று காட்டினான். “குருவியப் புடிக்கற மாதிரி புடிக்கோணுமுங்க. பறந்துறவும் கூடாது, செத்துறவும் கூடாது.” நான் பிடித்தேன். “குருவி செத்துருச்சுங்க” என்றான்.

ட்ரெம்லெட்டைப் பற்றிச் சொன்னேன். முகம் பளிச்சென்று ஆகிவிட்டது.

“ஜெயிச்சாருங்களா?”

“ஒரு தடவை ஆறாவது வந்தார். மற்றது தெரியாது.”

“தெரியாம எதுக்குங்க சார் எழுதறீங்க?”

“தெரிந்துகொள்ளத்தான்.”

“அது சரி. நானும் அதுக்குத்தான் ஆடறனுங்க” என்று சிரித்தான்.

இனிமேல் கதை சஹீரின் தோளுக்குப் பின்னால் நடக்கும். ட்ரெம்லெட்டை நான் கைவிடவில்லை. இவனுடைய உடம்பில்தான் அவரை ஏற்றிவைத்திருக்கிறேன்.

சஹீருக்கு என்ன வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வருஷத்துக்கு ஒரு முறை தகுதிச் சுற்று நடக்கும். அதில் முன்னால் வருகிற சிலருக்கு, நாடெங்கும் நடக்கிற தொழில்முறைப் போட்டிகளில் ஆடுவதற்கு அட்டை கிடைக்கும். போன வருஷம் ஆடினான், கிடைக்கவில்லை. “ஆட்டம் செரியில்லீங்க” என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தான். இந்த வருஷச் சுற்று, 1996 மார்ச்சில், அவன் கற்றுக்கொடுக்கிற இதே மைதானத்தில். இதிலும் கிடைக்காவிட்டால் மச்சினன் சிக்கந்தரின் ஒப்பணக்கார வீதித் துணிக்கடையில் கல்லாவில் உட்கார்வதாக வீட்டில் பேச்சாகியிருந்தது. சிக்கந்தர் கெட்டவன் இல்லை. “பந்து பின்னாடி எத்தனை நாளைக்கு மச்சான் நடப்பீங்க? கடைல ஃபேனுக்கடீல உக்காருங்க” என்பான். அன்போடு சொல்லப்படும் சொல்லை எப்படி மறுப்பது என்று சஹீருக்குத் தெரியாது. இந்தப் பக்கத்தில் யாருக்குமே அது தெரியாது.

4

எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சஹீர் வீட்டுக்குக் கூப்பிட்டான். அவன் மனைவி ரூபினா முறத்தில் பூண்டு உரித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் வாசித்தேன். பட்டறையில் மட்டைக்கு மரம் இழைக்கிற வாசம், பின்கட்டு, 1909-இன் ஆறாம் இடம். ஆறாம் இடம் வந்ததும் சஹீர் தொடையில் தட்டினான்.

“ஒரு சந்தேகமுங்ணா” என்றாள் ரூபினா. “இந்த ஆம்லெட்டுக்கு—”

“ட்ரெம்லெட்.”

“அவருக்குப் பொண்டாட்டி இல்லீங்களா?”

“புத்தகத்தில் எழுதவில்லை.”

“புஸ்தகத்துல எங்க எழுதப் போறாங்க? சட்டைய யாரு தொவச்சா? மழையில ஆடுனாரு, மழையில ஆடுனாருன்னு நாலு தடவ படிச்சீங்க. துணி யாரு காயப்போட்டா?”

அந்த இடத்தில் மேபல் பிறந்தாள். பெயர் நான் வைத்தது. மற்றதெல்லாம் ரூபினாவுடையது.

பிறகு 1911-க்கு வந்தேன். தகுதி நீக்கத்துக்கு மூன்று காரணங்கள் யோசித்து வைத்திருந்தேன். ஒன்று, ரயில் தாமதமாகி ஆட்டத்துக்கு நேரத்தில் வந்துசேரவில்லை. இரண்டு, அவர் செய்த மட்டை விதிக்கு உட்படவில்லை. மூன்று, ஒரு கனவானோடு வாய்த்தகராறு—

“அதெல்லாம் இல்லீங்க” என்றான் சஹீர்.

“எது?”

“பந்தை எடுத்துப்போட்டாருங்க. கைல.”

முகம் சுவரைப் பார்த்திருந்தது. நான் அவனைப் பார்த்தேன். ரூபினா பூண்டைப் பார்த்தாள். பிறகு, யாரிடமோ போல, அவளே கேட்டாள்.

“அன்னிக்கு ஊட்டுக்கு வந்தப்ப மேபல் என்னங்ணா கேட்டிருப்பா?”

“என்ன கேட்டிருப்பாள்?”

“ஒண்ணும் கேட்டிருக்கமாட்டா. அவரா சொல்லட்டும்னு இருந்திருப்பா. எத்தன மாசம் ஆனாலும்.”

சஹீர் திரும்பினான். “உனக்குத் தெரியுமா?”

“கனகம்மா அடுத்த வாரமே ஒரு சீப்புப் பழத்தோட வந்து எல்லாத்தையும் சொல்லிப்போட்டாங்க. சொல்லி அழுதுபோட்டும் போனாங்க. நான்தான் ரெண்டு பழத்தைக் குடுத்துச் சமாதானம் பண்ணி அனுப்புனேன்.” பூண்டுத் தோலை ஊதினாள். “மீதிப் பழத்தை நீங்கதான் தின்னீங்க. ஏது பழம்னுகூடக் கேக்கல.”

(அடிக்குறிப்பு போல ஒன்று: கனகம்மா என்பவர் கோபாலசாமியின் மனைவி. கோபாலசாமி நாயுடு மில்காரர், கிளப்பின் மூத்த உறுப்பினர், சஹீருக்குக் கோச் வேலை வாங்கிக்கொடுத்தவர். ஆள் குணம் தங்கம். கதையின் தொல்லையே அதுதான்.)

5

நடந்தது இது. புரிவதற்கு ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிய வேண்டும், சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இருவர் இருவராக மோதி ஆடும் ஆட்டம் ஒன்று. அதில் எதிராளியின் பந்து குழிக்குப் பக்கத்தில் வந்துவிட்டால், “போதுங்க, எடுத்துக்கங்க” என்று சொல்லலாம். விழுந்ததாக வைத்துக்கொண்டு கையால் எடுத்துவிடலாம். உலகமெங்கும் உள்ள வழக்கம்தான். ஆனால் நம் பக்கத்தில் அது பந்தி உபசாரம் போல ஆகிவிட்டது. எதிராளியைக் கடைசி நாலடி தூரத்தையும் அடிக்கவைப்பது என்றால், விருந்துக்கு வந்தவரைத் தண்ணீர் மொண்டு குடிக்கச் சொல்வது மாதிரி. கோபாலசாமி முப்பது வருஷமாக யாரையும் அந்த நாலடியை அடிக்கவிட்டதில்லை. அவருக்கும் யாரும் மிச்சம் வைத்ததில்லை.

தகுதிச் சுற்று வேறு வகை. ஒவ்வொருவரும் அடிக்கிற ஒவ்வோர் அடியும் கணக்கு; பதினெட்டுக் குழிகளையும் குறைந்த அடிகளில் முடிப்பவர் முன்னால். பந்து குழியில் விழுந்தே ஆக வேண்டும். கையால் எடுத்துக்கொண்டு அடுத்த குழிக்கு நடந்துவிட்டால், ஆள் வெளியே.

போன வருஷம் ஆட்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தது. ஜோடி இல்லாமல் நின்ற சஹீருக்குக் கணக்கு எழுத ஆள் வேண்டியிருந்தது; கோபாலசாமி தானே வந்தார். பன்னிரண்டாம் குழியில் பந்து ஒரு சாண் தள்ளி நின்றது. “போதும் கண்ணு, எடுத்துக்க” என்றார். சஹீருக்கு விதி தெரியும். அவருக்கும் தெரியும். ஆனால் அவர் சொல்லிவிட்டார். சொன்ன பிறகு அதை அடித்தால், உங்கள் சொல் எனக்கு வேண்டாம் என்று அவர் முகத்துக்கு நேரே சொல்வது போல. குனிந்தான். எடுத்தான். பின்னால் ஆடிக்கொண்டு வந்த பெங்களூர்க்காரர் ஒருவர் பார்த்துவிட்டு அதிகாரிகளிடம் சொன்னார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை.

“வாயி தானா வந்துருச்சு கண்ணு” என்று கோபாலசாமி நொந்துபோனார். அவர் பெயர் கெட்டுவிடக்கூடாது என்றுதான் சஹீர், ஆட்டம் சரியில்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான்.

சரி. இப்போது கதாசிரியனின் சிக்கல். இது நம் ஊர்த் தப்பு. மரியாதையில் ஊறியவன் செய்கிற தப்பு. 1911-இல் ஒரு டெவன்காரர் இதைச் செய்வாரா? வெள்ளைக்காரன் எவனாவது இன்னொருவன் மனம் நோகும் என்று தன் பிழைப்பை விடுவானா?

“செய்வாருங்க சார். நானே செஞ்சனே, எனக்குத் தெரியாதுங்களா?” என்று சஹீர் அடம்பிடித்தான்.

நான் நம்பவில்லை. மூன்று நாள் பேனாவைத் தொடவில்லை. அப்புறம் ஒரு நாள் மில்லில் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, நான் தப்பு என்று நினைத்த ஒரு வாக்கியத்தை அப்படியே கடிதத்தில் போடச் சொன்னார். “சரிங்க” என்று போட்டேன். போட்டு முடித்த பிறகுதான் எனக்கு ட்ரெம்லெட் தெரிந்தார்.

6

1911. எழுதிப் பார்க்கிறேன்.

காலையிலிருந்து மழை. ட்ரெம்லெட்டோடு ஜோடியாக ஆடியவர் ஒரு கனவான். ட்ரெம்லெட் வேலை பார்க்கிற கிளப்பின் செயலாளர், பெயர் கேட்லி. காசு வாங்காதவர்களும் வாங்குகிறவர்களும் ஒரே போட்டியில் ஆடலாம். உள்ளே வருகிற வாசல்தான் வேறு. கேட்லி மழையில் நொந்துபோயிருந்தார். அவருடைய ஆட்டம் காலையிலேயே போய்விட்டது. ட்ரெம்லெட்டோ, வாழ்நாளிலேயே சிறப்பாக ஆடிக்கொண்டிருந்தார். கையில் குருவி உயிரோடு இருந்தது.

பதினான்காம் குழி. பந்து, குழிக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. ட்ரெம்லெட் மட்டையைத் துடைத்தார்.

“போதும், ட்ரெம்லெட். நகரலாம்” என்றார் கேட்லி, குடைக்குள்ளிருந்து.

அது அன்பில்லை. மரியாதையும் இல்லை. குளிரில் நிற்க முடியாத ஒரு முதலாளியின் அவசரம். ஆனால் ட்ரெம்லெட்டின் காதில் அது பத்து வருஷமாக விழுகிற குரல். மட்டையை எடு, புல்லை வெட்டு, கதவைச் சாத்து என்று சொல்கிற குரல். அந்தக் குரல் சொன்னதும் அவருடைய முதுகு, அவரைக் கேட்காமலேயே குனிந்து—

(இந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். குனிந்து எடுத்தார் என்று உங்களுக்குத் தெரியும்.)

மாலையில் மேபல் ஒன்றும் கேட்கவில்லை. சட்டையைப் பிழிந்து அடுப்புக்குப் பக்கத்தில் காயப்போட்டாள். ரூபினா சொல்லி, இன்னொரு வரியும் சேர்த்தேன்: “தண்ணீர் சொட்டிய இடத்தில் மேபல் ஒரு சாக்கை விரித்தாள்.” அது எதற்கு என்று கேட்டேன். “நீங்க ஊட்டு வேல செஞ்சிருந்தா கேக்கமாட்டீங்க” என்றாள்.

சஹீருக்கு இதைப் படித்துக் காட்டினேன்.

“எங்க கோபாலசாமி ஐயா அப்படி இல்லீங்க சார். பாசமாத்தான் சொன்னாருங்க.”

“ஆமாம்.”

“ஆனா நானு குனிஞ்சது அந்தாளு குனிஞ்ச மாதிரியேதானுங்க இருக்குது” என்றான்.

7

‘பிறகு இந்தியா.’ நான்கு மலை ஊர் கிளப்புகளுக்குக் கடிதம் எழுதினேன். இரண்டு பதில் வந்தது. இரண்டிலும் அப்படியொருவர் இல்லை. ஆகவே ட்ரெம்லெட்டை வால்பாறைக்கு நானே அனுப்பினேன். தேயிலை எஸ்டேட் துரைகளுக்கு மலைச்சரிவில் ஒன்பது குழி மைதானம் போட்டுத் தர வருகிறார். கூடவே மேபலும் வருகிறாள். முடிவுகள்:

அ) மலேரியா. (ரூபினா: “சாகடிக்கறதுன்னா பேப்பரைக் குடுங்க, அடுப்புக்கு ஆகும்.”)

ஆ) ஊருக்குத் திரும்பி, வயதான காலத்தில் பெரிய போட்டியை வெல்கிறார். (சஹீருக்குப் பிடித்தது. எனக்குப் பிடிக்கவில்லை. அந்த மலரில் ஒரு வரி வந்திருக்குமே.)

இ) வால்பாறையிலேயே இருக்கிறார். அவருடைய ஒன்பது குழிகளில் ஒரு சட்டம் மட்டும் உண்டு: பந்து விழுகிறவரைக்கும் யாரும் யாருக்கும் ‘போதும்’ சொல்லக்கூடாது. துரையானாலும் சரி. ஒரு துரை கோபித்துக்கொண்டு போனாராம். “போகட்டும், குழி இங்கேதான் இருக்கும்” என்றாராம் ட்ரெம்லெட்.

இ-யை வைத்துக்கொண்டேன். வால்பாறையில் அப்படியொரு மைதானத்தின் தடயம்கூடக் கிடையாது. எனக்கு அது தேவையாக இருந்தது.

8

1996 மார்ச். பெருநாள் கழிந்திருந்தது. இரண்டாம் நாள், கடைசிச் சுற்று. இந்த வருஷமும் ஆட்களின் எண்ணிக்கை ஒற்றைப்படை. இந்த வருஷமும் கணக்கு எழுத வந்து நின்றவர் கோபாலசாமி.

“அவரையேவா மறுபடியும்?” என்று ரூபினா காலையில் கேட்டிருந்தாள்.

“வேண்டாமுன்னு எப்படிச் சொல்றது? போன வருஷத்துக்கு ஈடு கட்டோணுமுன்னு வாராரு.”

“சொல்றது ரொம்பச் சுலுவுங்க. வாயத் தொறந்தா வந்துரும்.”

அவன் வாயைத் திறக்கவில்லை. ஆனால் கோபாலசாமி ஏற்பாட்டோடு வந்திருந்தார். முதல் குழியில் பந்து நெருங்கியதும் சட்டைப் பையிலிருந்து ஒரு பெரிய கல்கண்டை எடுத்து வாயில் போட்டு, கன்னம் புடைக்க நின்றார். சஹீர் அடித்து முடித்ததும் “ம்ம்!” என்றார்.

“என்னங்கய்யா?”

அடுத்த குழிக்கு நடக்கும்போதுதான் வாயைத் திறந்தார். “பூட்டு கண்ணு. உங்க கனகம்மா போட்டது. கல்கண்டு வாயில இருக்கற வரைக்கும் பேச்சு வராதுல்ல?”

ஒவ்வொரு குழியிலும் ஒரு கல்கண்டு. சஹீர் நன்றாக ஆடினான். இடையில் இரண்டு குழிகளில் சொதப்பினான், பிறகு மீட்டான். வெயில் ஏறியது. கோபாலசாமிக்கு நாக்கு புண்ணாகியிருக்க வேண்டும். வரவர “ம்ம்” சத்தம் தாழ்ந்துகொண்டே வந்தது. பன்னிரண்டாம் குழியில் இரண்டு கல்கண்டைச் சேர்த்துப் போட்டுக்கொண்டு வேறு பக்கம் திரும்பி நின்றார்.

பதினெட்டு. கயிற்றுக்குப் பின்னால் நாங்கள் நின்றோம்: ரூபினா, கனகம்மா, கடையை அரைநாள் சாத்திவிட்டு வந்த சிக்கந்தர், நான். முன்னால் போனவர்களின் கணக்கு பலகையில் வந்துவிட்டது. சஹீர் இதைப் போட்டால் உள்ளே. போடாவிட்டால் ஒப்பணக்கார வீதி.

பந்து குழியிலிருந்து நாலடியில் நின்றது. புல் இடப்பக்கமாகச் சரிந்திருந்தது.

சஹீர் பந்துக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தான். கண்ணோரத்தில் கோபாலசாமியின் கை சட்டைப் பைக்குப் போவது தெரிந்தது. பை காலி. கால்சட்டைப் பைக்குப் போனது. அதுவும் காலி. பன்னிரண்டில் ஒன்று அதிகமாகச் செலவாகிவிட்டது. கிழவரின் முகத்தில் அப்படியொரு தவிப்பு. நாலடியில் நின்ற பந்து, வெயிலில் கறுத்துப்போன பையன், முப்பது வருஷத்துப் பழக்கம். அவருடைய உதடு பிரிவதை சஹீர் பார்த்தான்.

“போ—”

சஹீரின் முதுகு குனியப் பார்த்தது. அதை அவனே உணர்ந்தான். யாரோ கழுத்துக்குப் பின்னால் கை வைத்து அழுத்துவது போல. மழை, குடை, ஒரு சாண் தள்ளி நின்ற பந்து, அடுப்புக்குப் பக்கத்தில் சொட்டுகிற சட்டை.

(அந்த நேரத்தில் ட்ரெம்லெட் நினைவுக்கு வந்தாரா என்று பிறகு கேட்டேன். “ஆம்லெட்டுதான் வந்தாருங்க” என்றான்.)

திரும்பாமலேயே இடது கையை உயர்த்தினான்.

“ஐயா. சித்த இருங்க.”

கோபாலசாமி வாய் திறந்தபடி நின்றார். இத்தனை வருஷத்தில் சஹீர் அவர் பேச்சை மறித்ததில்லை. அவர் பேச்சை யாருமே மறித்ததில்லை.

“நானே அடிச்சுப் போடறனுங்க.”

கேட்டவர்களுக்கு அது சாதாரண வாக்கியம். சொன்னவனுக்கு அப்படியில்லை. கோபாலசாமி தலையிலிருந்த வெள்ளைத் தொப்பியை எடுத்து, தன் வாயைப் பொத்திக்கொண்டார். தொப்பிக்கு மேலே இரண்டு கண்களும் சிரித்தன.

“அப்படிச் சொல்லு கண்ணு!” என்றார் கனகம்மா, கயிற்றுக்குப் பின்னாலிருந்து. அதிகாரி ஒருவர் உதட்டில் விரலை வைத்து அவரை முறைத்தார். சிக்கந்தர் கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அட, மச்சானுக்கு வாயி இருக்குதே” என்று ரூபினாவிடம் முணுமுணுத்தான். ரூபினா மேபலைப் போலச் சும்மா நின்றாள்.

சஹீர் குனிந்தான். இந்த முறை கை பந்துக்குப் போகவில்லை. கண் மட்டும் புல்லின் சரிவைத் தடவிக்கொண்டு குழிவரைக்கும் போய் வந்தது. எழுந்தான். கைக்குள் குருவி இருந்தது. மட்டையை மெல்லப் பின்னுக்கு இழுத்து—

9

இங்கே நிறுத்துகிறேன்.

என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியும். கயிற்றுக்குப் பின்னால்தானே நின்றேன். பார்த்தேன். அதை எழுதியும் பார்த்தேன், இரண்டு விதமாக. இரண்டையும் கோபாலசாமி ஐயாவிடம் காட்டினேன்.

“விழுந்துச்சுன்னே போட்டு முடிச்சுருங்களேனுங்க” என்றார். “நாலடிதான? என்ன கெட்டுப்போச்சு?”

“பாத்தீங்களா” என்றார் கனகம்மா என்னிடம். “மறுபடியும்!”

கோபாலசாமி நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகு எழுந்து போய் அஞ்சறைப் பெட்டியிலிருந்து ஒரு கல்கண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

சஹீரிடமும் கேட்டேன். “எழுதட்டுமா?”

யோசித்தான். “நானு ஒருக்கா அடிச்சுட்டனுங்க சார். படிக்கறவங்களும் அடிச்சுப் பாக்கட்டுமே. கை எப்படி நடுங்குதுன்னு தெரியோணுமில்லீங்களா?”

ஆகவே, வாசகரே. இவ்வளவு தூரம் கூட நடந்து வந்துவிட்டீர்கள். உங்களுக்கும் அது தோன்றும்: நாலடிதானே, விழுந்ததாக வைத்துக்கொள்வோம். வைத்துக்கொள்ளாதீர்கள். நான் குனிந்து பந்தை எடுத்து உங்கள் கையில் தரப்போவதில்லை. ட்ரெம்லெட் போட்ட சட்டம் இந்தப் பக்கத்துக்கும் உண்டு.

புல் இடப்பக்கம் சரிகிறது. மதியத்துப் புல், காலையைவிடக் கொஞ்சம் வளர்ந்திருக்கும்; சற்று அழுத்தி அடிக்க வேண்டும். மட்டையைக் குருவி பிடிப்பது போலப் பிடியுங்கள். நாங்கள் எல்லோரும் கயிற்றுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறோம்.

அடியுங்க.